குழந்தைக்குக் கேடில்லை

ஞாயிறு, முற்பகல்

என் மகளுக்கு,

உன்னையும், இரண்டரை மாதக் குழந்தையையும், உன் வீட்டார் எல்லாரையும் ஆண்டவன் தன் அருள்நிழலில் வைத்துக் காக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு உன் தந்தை எழுதுவது. நான் நலம். உன் பிரசவத்துக்கென்று உன் அம்மா அங்கே வந்த நாள்முதல் இந்த வீட்டில் சமையல் என் பொறுப்பாகிவிட்டது. எனக்குச் செய்யத் தெரிந்தவை மூன்று. நான்காம் நாள் முதலாவதற்கே திரும்பிவிடுகிறேன். முழங்கால் வலி எனக்கு முன்பே எழுந்து என்னை எழுப்புகிறது. மற்றபடி குறையில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். நாம் இருவரும் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்துக்குள் உன் அம்மா தொலைபேசியைக் கைப்பற்றிவிடுகிறாள். அதன்பின் நான் கேட்பவன் மட்டுமே. நிதானமாகச் சொல்ல வேண்டியதை எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

நேற்று அவள் சொன்ன செய்தி நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. "பாலே இறங்கலைங்க. குழந்தை பத்து நிமிஷம் இழுக்குது, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டு கத்துது. சம்பந்தியம்மா பாவப்பட்டு பால்பவுடர் டின் வாங்கி வச்சுட்டாங்க" என்றாள். சம்பந்தி அம்மாள் நல்லவர். விடியுமுன் எழுந்து புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறார் என்றும் கேட்டேன். "எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் துணி நனையற அளவுக்கு இருந்துச்சு. இவ உடல்வாகு அப்படி, என்ன பண்றது" என்று அவர் வருந்தினாராம். அதைக் கேட்டு நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம்.

மகளே, உன்னைக் கடிந்துகொள்ள எழுதவில்லை. ஆயினும் தந்தை என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். இரண்டு மாதம் குறைவின்றிச் சுரந்த பால் இரண்டே வாரத்தில் வற்றுகிறதென்றால், அதன் வேர் மனத்தில் இருக்க வேண்டும். நீ சிறு வயதுமுதலே எதையும் பெரிதாக எண்ணிக் கலங்குகிறவள். கைப்பேசியைக் கையிலிருந்து இறக்குவதில்லை என்றும், வேளைக்கு உண்பதில்லை என்றும் உன் அம்மா சொல்கிறாள். தாய்மை ஒரு தவம் என்று நம் முன்னோர் பாடி வைத்தது வீணுக்கன்று. தவத்துக்கு முதல் வேண்டுவது அடக்கம், இரண்டாவது பொறுமை. காலையில் எழுந்ததும் துதியைச் சொல்லி, மனத்தை ஓரிடத்தில் நிறுத்தி, குழந்தையை மடியில் எடு. படைத்தவன் உயிரையும் கொடுத்து அதற்கான உணவையும் உடன் வைத்தே அனுப்புகிறான். அவன் கணக்கில் பிழை வராது. நம் பக்கத்தில்தான் ஏதோ குறைகிறது.

உன் மூக்கடைப்பு இன்னும் விடவில்லையாமே. பக்கத்து மனையில் சுவர் இடிக்கும் தூசி அடங்கும்வரை அது அப்படித்தான் இருக்கும். நான் அனுப்பிய மருந்துப் பெட்டியில் அதற்கான மாத்திரை இருக்கிறது. சீட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: காலை ஒன்று, இரவு ஒன்று, குழந்தைக்குக் கேடில்லை. நீ அதை எடுக்கத் தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்றாள் அம்மா; அட்டை தீரும் தறுவாயில் இருக்கும். இன்னும் இரண்டு அட்டை இத்துடன் வைக்கிறேன். இடையில் நிறுத்திவிடாதே.

என் செய்தி ஒன்று உண்டு, கேட்டால் சிரிப்பாய். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் மருந்தாளுநர் எல்லாரும் ஒரு வகுப்புக்குப் போக வேண்டுமாம். பாலூட்டும் தாய்மாருக்கு மருந்துக்கடைக்காரர் எப்படித் துணை நிற்பது என்பது பொருள். நான்கு நாள். நாற்பத்து மூன்று ஆண்டு மருந்து கொடுத்தவனைச் சுகாதார நிலையத்தில், தடுப்பூசி போடும் அறையில், பிள்ளைகளுக்கென்று செய்த குட்டை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். முழங்கால் மோவாயைத் தொட்டது. பாடம் நடத்துகிறவர் ஒரு செவிலி, நாற்பது வயதிருக்கும். வந்ததும் துணியால் தைத்துப் பஞ்சடைத்த ஒரு மார்பை மேசைமேல் வைத்தார். நான் சன்னலுக்கு வெளியே நின்ற மிதிவண்டிகளை எண்ணத் தொடங்கினேன். பக்கத்து நாற்காலியில் பேருந்து நிலையத்து மருந்துக்கடைப் பெண் இருந்தாள். "சார், அது வெறும் பஞ்சுதான். கடிக்காது. இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். வகுப்பே சிரித்தது.

தாயின் பாலை அமுதென்று போற்றும் துதிகளை நான் ஐந்து வயதில் மனப்பாடம் செய்தவன். இதில் புதிதாக எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை. நம் கடையில் பெண்கள் அப்படிப்பட்டது எதையாவது கேட்டால் நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். கடையில் வேலை செய்யும் அக்காதான் பார்த்துக்கொள்வாள். அதுதான் மரியாதை என்று இருந்துவிட்டேன். இனி அதற்கும் பரீட்சையாம்.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் என் வணக்கம். கலங்காதே. மனம் அடங்கினால் மற்றவை தாமே அமையும்.

நலமே சூழ்க என்று வாழ்த்தும்,
உன் தந்தை


புதன், பிற்பகல்

என் மகளுக்கு,

அருளும் நலமும் உன்னோடிருக்க. இன்று காலை நான் தொலைபேசியில் அழைத்ததை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். நீ குழந்தையோடு படுத்திருந்தாய்; எழுப்ப வேண்டாம் என்றேன். அந்த மூக்கடைப்பு மாத்திரையை இந்த நிமிடமே நிறுத்தச் சொன்னேன். "ஏங்க, நீங்கதானே நிறுத்தாதேன்னீங்க" என்றாள். "அதைவிட நல்லது ஒண்ணு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிறன்று அனுப்பிய இரண்டு அட்டைகள் வந்து சேர்ந்தால் அவற்றையும் பிரிக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நான்காவது முறையாகத் தொடங்குகிறேன். முதல் மூன்றும் காகிதக் கூடையில் இருக்கின்றன. கடையில் கூட்டமில்லை; இருந்தும் உட்கார முடியவில்லை. இருமல் மருந்துகளை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். பிறகு கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கே ஏற்றினேன். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை மாத்தறதா இருந்தா சொல்லிடுங்க, நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்றாள். காலைத் துதியில் அறுபது ஆண்டாகப் பிசகாத ஓர் அடி இன்று நாவில் வரவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன், அதே இடத்தில் மறுபடி நின்றுவிட்டது.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். நேற்று எங்களை இருவர் இருவராகப் பிரித்து நடிக்கச் சொன்னார்கள். ஒருவர் கடைக்காரர்; மற்றவர் தாய். எனக்கு வாய்த்தது தாய். துணிப்பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, "சார், அது மருந்துப் பார்சல் இல்ல, புள்ள" என்றாள் பேருந்து நிலையத்துக்காரி. அவள்தான் கடைக்காரர். "எனக்கு மூக்கடைப்பு" என்றேன். "குழந்தைக்குப் பால் குடுக்கறீங்களா?" என்று அவள் என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள். எனக்கு விடை தெரியும்; விடை நடிப்புதான்; இருந்தும் நாக்கு எழவில்லை. காது சூடேறியது. செவிலி சிரிக்கவில்லை. "ஐயா, ஒருத்தர் கேட்டதுக்கே உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கே. கேக்காமலே விட்டுட்டா அவங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

இனிச் செய்ய வேண்டியவை. மூக்குக்கு, காய்ச்சி ஆறிய உப்புநீர்ச் சொட்டு போதும். மருந்தகத்தில் தயாராகவே கிடைக்கும். சுவர் இடிக்கும் பக்கத்துச் சன்னலில் ஈரத்துணி கட்டித் தொங்கவிடு. குழந்தையை இரண்டு மணிக்கு ஒருமுறை, பசித்து அழும்வரை காத்திராமல், மார்பில் விடு. ஒரு பக்கம் விட்டதும் மறு பக்கம். குழந்தை உறிஞ்சாமல் முகம் திருப்பினால் கையால் பீய்ச்சி எடு. ஒரு கரண்டி வந்தாலும் சரி, ஒன்றும் வராவிட்டாலும் சரி, உடலுக்கு அது ஓர் அழைப்பு. இவ்வார்த்தைகளை என் மகளுக்கு நானே எழுதுவேன் என்று நினைத்தவனில்லை. எழுதிவிட்டேன்.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன காரணம் கேட்பாய். இவ்வகை மாத்திரைகள் சிலருக்குப் பால் சுரப்பைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்று வகுப்பில் ஒரு கருத்துச் சொன்னார்கள். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. உன் விஷயத்தில் உடல்வாகு, கவலை, ஓய்வின்மை எனப் பலவும் சேர்ந்திருக்கலாம். மாத்திரையும் ஓரளவு துணைபோயிருக்கலாம். எதற்கும் நிறுத்திவைப்பது நல்லது. மருந்தியலில் இப்படிப் புதிய கருத்துகள் வருவது இயல்பே.

அஞ்சல் எடுக்கும் நேரமாகிவிட்டது. மீண்டும் படித்துப் பார்த்தால் இதையும் கிழித்துவிடுவேன் என்பதால் படிக்காமலே ஒட்டுகிறேன். உன் அம்மாவிடம் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

நலமே வேண்டும்,
உன் தந்தை


திங்கள், காலை

என் மகளுக்கு,

வாழ்த்தை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகே அதற்கு நான் தகுதியாவேன்.

சனிக்கிழமை காலை நான் அழைத்தபோது உன் அம்மா எடுத்தாள். என் கடிதம் முந்தின நாள் வந்ததாம். நீ படித்துவிட்டு மேசைமேல் வைத்தாயாம். சம்பந்தி அம்மாளும் படித்திருக்கிறார். "அப்பாவே எழுதியிருக்காரே, உடல்வாகுதான்னு. மருந்து படிச்சவர் பொய்யா சொல்வாரு? நீ மனசை விட்டுடாதே, டின்ல வளந்த பிள்ளைங்க இல்லையா" என்று ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். அதன்பின் நீ, இனிக் குழந்தையை மார்பில் விடப்போவதில்லை, டின்னே போதும் என்று சொல்லிவிட்டாயாம்.

உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ வாங்கினாய். நலமா என்று நான் கேட்பதற்குள், "அப்பா, நான் ரெண்டு வேளையும் சரியாத்தான் போட்டேன். ஒரு வேளைகூட விடலை" என்றாய். பிறகு குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாய். குழந்தை அழும் ஒலி எனக்குக் கேட்கவில்லை.

அந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு நாளாக என்னோடு நடக்கின்றன. கடையில், தெருவில், துதி சொல்ல உட்காரும் பாயில். ஏதோ குற்றத்துக்குச் சாட்சி சொல்ல நிறுத்தப்பட்டவள் போல நீ பேசினாய். நிறுத்தியவன் நான்.

சனி பிற்பகல் நம் தெருக்கோடித் தையல்காரி கடைக்கு வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. நீ மணமாகிப் போனபின் வந்தவள். நான்கு மாதக் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். பால்பவுடர் டின் கேட்டாள். டின்னை எடுக்கத் திரும்பியவனுக்குக் கை நீளவில்லை. மூன்று வாரத்துக்கு முன் இவள் சளி என்று வந்ததும், உனக்கு அனுப்பிய அதே மாத்திரையை இவளுக்கும் கொடுத்ததும், போன வாரம் முதன்முதலாக டின் வாங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்து நின்றன. அக்காவைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. "குழந்தைக்குப் பால் கொடுக்கிறாயா, அம்மா? சரியாக வருகிறதா?" என்று நானே கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வர்றது நின்னு பத்து நாளாச்சு. நீங்க ஏன் சார் தரையைப் பாத்துக் கேக்கறீங்க, பால் எனக்கா தரைக்கா?" என்றாள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நான் கொடுத்த மாத்திரை பாலைக் குறைக்கும். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது என் வேலை. அவள் உடம்பில் பிழை இருப்பதாக எண்ண வேண்டாம். அவ்வளவுதான் சொன்னேன். அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "மாத்திரையும் நீங்கதான் குடுத்தீங்க. டின்னும் நீங்கதான் குடுத்தீங்க. நடுவுல நான்னு ஒருத்தி நின்னது உங்க கண்ணுக்கே தெரியல, இல்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கிழிந்த இடத்தைக் கண்டுபிடித்த தையல்காரி எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். போகும்போது, "இதை எழுதிக் குடுங்க சார். வீட்டுக்காரர் நான் சோம்பேறின்னு சொல்றாரு. உங்க கையெழுத்துல காட்டினா நம்புவாரு" என்றாள். கடைத்தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மகளே, தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வரியில் எழுத முடிந்தது. பெற்ற மகளுக்கு மூன்று தாளைக் கிழித்து நான்காவதில் எழுதியும் அந்த இரண்டு வரி அதில் இல்லை. சற்று, ஓரளவு, சிலருக்கு, சேர்ந்திருக்கலாம், துணைபோயிருக்கலாம். அந்தச் சொற்களை எல்லாம் நான் அறிந்தே தேடி எடுத்தேன். கற்ற தமிழ் எனக்கு ஒளிந்துகொள்ளத்தான் உதவியது.

ஆகவே வகுப்பில் நடந்ததில் நான் விட்டுவிட்டதை இங்கே எழுதுகிறேன். நான் பொம்மையோடு நின்ற பிறகு, செவிலி மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றை மேசையில் பரப்பி, பாலூட்டும் தாய்க்கு இவற்றைக் கொடுக்கலாமா என்று கேட்டார். எல்லாரும் மருந்தோடு இருந்த துண்டுச் சீட்டைப் பிரித்துப் படித்தார்கள். எனக்குப் படிக்கத் தேவையில்லை. முதலாவதாக, எல்லாரையும்விட உரக்க, "கொடுக்கலாம், குழந்தைக்குக் கேடில்லை" என்றேன். அவர், "சரிதான் ஐயா, குழந்தைக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. பாலுக்கு என்ன ஆகும்?" என்றார். மூக்கின் வீக்கத்தை வற்றச் செய்யும் அந்த மருந்து பால் சுரப்பையும் குறைக்கக்கூடியது என்றும், ஒரே ஒரு மாத்திரையிலேயே குறைவு தெரியலாம் என்றும் விளக்கினார். நாங்கள் எல்லாரும் மருந்து பாலுக்குள் போகிறதா என்றே பார்த்துப் பழகியவர்கள். பால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நான் விரலை மடக்கி எண்ணினேன். பதினைந்து நாள், நாளைக்கு இரண்டு. அதன்பின் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. வெளியே வந்து மிதிவண்டிகளுக்கு நடுவில் நின்றேன். பேருந்து நிலையத்துக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "என்ன சார், சுகமில்லையா" என்றாள். வெயில் என்றேன். அன்று வெயில் இல்லை.

இப்போது நேராகச் சொல்கிறேன். உன் பால் குறைந்தது உன் உடல்வாகால் அன்று. உன் கவலையால் அன்று. பால் குறைந்த பிறகு வந்த கவலையை நான் முன்னால் வைத்துப் படித்தேன். உன் பக்தியிலும் பொறுமையிலும் குறையில்லை. இரண்டு மாதம் சுரந்த பால், நான் எழுதிய சீட்டின்படி நீ மாத்திரை எடுக்கத் தொடங்கியபின் குறைந்தது. நீ சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளையாக இருந்திருந்தால், இரண்டு வேளையை மறந்திருந்தால், பாதியில் சலித்துத் தூக்கி எறிந்திருந்தால், உன் குழந்தை பசியோடு முகம் திருப்பியிருக்காது. நீ ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நீ கீழ்ப்படிந்ததால்தான் இது நடந்தது. அதன்மேல் நான் உனக்குத் தவத்தையும் அடக்கத்தையும் போதித்துக் கடிதம் எழுதி, உறைக்குள் இன்னும் இரண்டு அட்டையை வைத்தேன்.

நாற்பத்து மூன்று ஆண்டில் இப்படி எத்தனை தாய்மார் என் மேசைக்கு முன் நின்றார்களோ அறியேன். கைக்குழந்தையோடு பெண்கள் வந்தால் தலைகுனிந்து நிற்பதைப் பெண்மைக்குச் செய்யும் வணக்கம் என்று எண்ணினேன். உள்ளறைக்குள் ஒதுங்கி நின்ற என் மனத்தில் பெருமைகூட இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்கும் துணிவு இல்லாததற்கு நான் ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். இதை நான் யாரிடம் முறையிட வேண்டுமோ அவனிடம் முறையிட்டுவிட்டேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. உனக்குச் சேர வேண்டியது உனக்கு நேராக வந்தாக வேண்டும்.

இனி உன் குழந்தை. மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. அடிக்கடி மார்பில் விட்டும் பீய்ச்சியும் வந்தால் பெரும்பாலோருக்குச் சில நாளிலோ சில வாரத்திலோ சுரப்பு திரும்பும் என்று செவிலி சொல்கிறார். உறுதி தர இயலாது என்றும் சொன்னார், நானும் தரவில்லை. உறுதி கொடுத்து நான் பட்டது போதும். உன் நிலையை அவரிடம் சொல்லி, உன்னோடு பேச முடியுமா என்று கேட்டேன். பேசுகிறேன் என்றார். அவருடைய எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் உன் தந்தை அல்லர். அவரிடம் நீ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. குழந்தையின் எடையையும் நனையும் துணிகளின் எண்ணிக்கையையும் அவர் கேட்பார், குறித்து வைத்துக்கொள். சுரப்பு ஏறும்வரை டின்பாலைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். குழந்தை பசித்திருக்கக் கூடாது. எதை எப்போது குறைப்பது என்று அவர் சொல்வார்.

முயன்று பார்ப்பதும் விடுவதும் உன் விருப்பம். களைத்துவிட்டேன், போதும் என்று நீ சொன்னால் அதுவும் ஒரு தாயின் முடிவே. டின்னைத் திறக்கும் கை குறைந்த கை அன்று. ஆனால் "என் உடம்பு சரியில்லை, அதனால் விட்டேன்" என்று மட்டும் நீ எண்ணக்கூடாது. பொய்யான காரணத்துக்காக நீ எதையும் விட வேண்டாம்.

இதை நேரில் வந்தே சொல்லலாம் என்று நேற்றுப் பயணச்சீட்டு வாங்கப் போனேன். வரிசையில் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டேன். நான் அங்கே வந்தால் சம்பந்தி அம்மாள் எழுந்து நிற்பார். மாப்பிள்ளை நாற்காலி போடுவார். உன் அம்மா, வந்ததும் வராததுமா ஏன் இதெல்லாம் என்பாள். நான் சொல்ல வந்தது அந்த உபசாரத்துக்குள் கரைந்துபோகும். ஒரு பெரியவர் தம்மைத் தாமே தாழ்த்திப் பேசுகிறார், எவ்வளவு பணிவு என்று எனக்கே பெருமை சேர்ந்துவிடும். கடிதத்துக்கு யாரும் நாற்காலி போட முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். இதை நீ படித்து மடித்து வைத்துவிடாதே. எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சம்பந்தி அம்மாளிடம் கொடு. உரக்கப் படிக்கும்படி நான் கைகூப்பிக் கேட்டுக்கொண்டதாகச் சொல். அந்த வீட்டில் உன் உடல்வாகைப் பற்றிச் சொன்ன குரல் அவருடையது. அந்தக் குரலிலேயே இது கேட்க வேண்டும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் என்னை நம்பினார், நீயும் நம்பினாய். அம்மா, வணக்கத்துக்குரியவரே, இதைப் படித்துக்கொண்டிருப்பவர் நீங்களானால், இந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி என் மகளின் முகத்தைப் பாருங்கள். நான் அங்கே இல்லை. எனக்காகப் பாருங்கள்.

மகளே, நீ பால் கொடுத்தாலும் புட்டி கொடுத்தாலும் உன் மடியில் அந்தக் குழந்தை வயிறு நிறைந்து உறங்கட்டும். அது உறங்கும்போது நீயும் உறங்கு. யார் வந்தாலும் எழுந்திருக்க வேண்டாம், நானே வந்தாலும். உன்னைப் படைத்தவன் எதையும் குறைத்துப் படைக்கவில்லை. உனக்கு மனம் வரும் நாளில், அது எந்த நாளாயினும், எனக்கு ஒரு வரி எழுது. குழந்தையைப் பற்றி அன்று. உன்னைப் பற்றி.

அந்த வரிக்காகக் காத்திருக்கும்,
உன் அப்பா